தரையில் கண்ட ஈரம்



இல்லத்தின் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு எனப் பல பொருள்களை இப்பகுதியில் நாம் பேசி வருகிறோம். இம்மாதம் காரின் தண்ணீர்ப் பம்பைப் பற்றிப் பேச விழைகிறோம். குடும்ப இதழில் இதற்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இன்று நம் மாவட்டத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கார் நிற்கிறது. பெரும்பாலும் அது பிறர் ஓட்டி விற்ற பழைய கார். மருத்துவமனைக்கும் திருமண வீட்டுக்கும் திருத்தலத்துக்கும் அதுவே துணை. அதனுள் அமர்வோர் நம் பெற்றோரும் மனைவி மக்களும். ஆகவே அதன் நலமும் இல்லறக் கடமைகளுள் ஒன்றே. அத்துடன், இப்பொருளில் நாம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டிய தவறும் ஒன்று உண்டு.

நம் வீட்டில் கார் நிற்கும் இடத்தை நாள்தோறும் காலையில் பெருக்குகிறவர் நம் துணைவியார். சென்ற வைகாசியில் ஒருநாள், "வண்டிக்கு முன்பக்கம் தரையில ஈரம் கிடக்கு, ஒருதரம் என்னன்னு பாருங்க" என்றார். "அது ஏசி தண்ணீர்தான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினோம். நான்கு நாள் கழித்து அவர் மீண்டும் சொன்னார். எழுந்து சென்று வண்டியின் பானட்டைத் திறந்து பார்த்தோம். பிளாஸ்டிக் தொட்டியில் நீர்மட்டம் குறைந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு ஊற்றி மூடினோம். அடுத்த வாரம் மற்றொரு செம்பு. அதற்கடுத்த வாரம் இரண்டு செம்பு. ஊற்றிய நீர் எங்கே போகிறது என்னும் கேள்வியை மட்டும் நாம் கேட்கவேயில்லை.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வடக்கன்குளம் சென்று வரப் புறப்பட்டோம். நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை அலுவலர் 1745 மே 14-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன ஊர் அது. வழியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில், 1752 சனவரி 14 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில், சற்று நேரம் செபித்தோம். 2022 மே 15-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பின் நம் தாயார் அங்கு வருவது அதுவே முதன்முறை. பிறகு தாயார், துணைவியார், மகள், தங்கை மகன் ஆகியோருடன் மீண்டும் வண்டியேறினோம்.

ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நாஞ்சில் நாட்டில் அறியாதார் இலர். மேற்கிலிருந்து மலையிடுக்கு வழியே பாய்ந்து வரும் அக்காற்றை நம்பியே முப்பந்தலைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. அந்த இடத்தில்தான் நம் வண்டியின் வெப்பங்காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்புறம் ஏதோ அரைபடுவது போன்ற ஒலி எழுந்தது. பானட்டின் விளிம்பில் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்தினோம்.

இனி நிகழ்ந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. தங்கை மகனுக்குப் பதினேழு வயது. உதவும் ஆர்வத்தில் கீழே குதித்தான், பானட்டைத் தூக்கினான், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்தான். எதிர்ச் சாரியில் நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "ஏலே தம்பி, கைய எடு! மூடியத் தொடாத!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவன் தோளைப் பற்றி இழுத்தார். அவர் பெயரையும் நாம் கேட்டுவைக்கவில்லை. அவர் மட்டும் அங்கே இல்லாதிருந்தால், அன்று நாம் வடக்கன்குளத்துக்குப் பதிலாக ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்றிருப்போம்.

அம்மூடியில் அப்படி என்ன ஆபத்து? நம் அடுக்களையிலுள்ள பிரஷர் குக்கரை எண்ணிப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். இறுக மூடி, உள்ளே இன்னுமொரு வளிமண்டல அளவு அழுத்தம் சேர்ந்தால், ஏறத்தாழ 120 பாகை வரை அது கொதியாமல் நீராகவே இருக்கும். ரேடியேட்டர் மூடியும் இவ்வாறே அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. சூட்டோடு அதைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் நீங்கும். உள்ளிருக்கும் நீர் பொங்கி ஆவியாகி முகத்திலும் மார்பிலும் பாயும். துணி சுற்றுவதெல்லாம் காவல் ஆகாது. இஞ்சின் ஆறும் வரை, அரை மணியோ ஒரு மணியோ ஆயினும், காத்திருப்பதே வழி. சுட்டுக் கிடக்கும் இஞ்சின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. சூடான உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் காணக்கூடும். வீட்டில் வண்டியைத் தொடும் பிள்ளைகள் அனைவருக்கும் இன்றே இவற்றைச் சொல்லி வையுங்கள். வேறெதுவும் நினைவில் நில்லாவிடினும் இது நிற்கட்டும்.

சிறிது நேரத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு மெக்கானிக் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது விசிறி ஓடவில்லை என்று நாம் நம் முடிவைக் கூறினோம். அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, இங்க காத்துக்கா பஞ்சம்? தண்ணிதான் ஓடல்ல" என்றார்.

அச்சொல்லில் நோய் அறியும் முறையே அடங்கியிருந்தது. இஞ்சினின் சூடு வெளியேற இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஒன்று, இஞ்சினுக்குள்ளே நீர் சுற்றிவந்து சூட்டை ஏந்தி ரேடியேட்டருக்குக் கொண்டு சேர்க்கும் ஓட்டம். மற்றொன்று, ரேடியேட்டரின் ஊடே காற்று புகுந்து அச்சூட்டை வாங்கிச் செல்லும் ஓட்டம். சந்தையின் நெரிசலில் நிற்கும்போது சூடேறி, திறந்த சாலையில் ஓடும்போது தணிந்தால், காற்று போதவில்லை எனக் கருதி விசிறியைப் பார்க்க வேண்டும். காற்று தாராளமாக வீசும் திறந்த சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறினால், நீரின் அளவையும் ஓட்டத்தையும் ஐயுற வேண்டும். காற்றாலைகளின் நடுவே கொதித்த வண்டிக்குக் காற்றுக் குறை எங்ஙனம் இருக்கும்?

அந்நீரை ஓட்டுவதே தண்ணீர்ப் பம்பின் பணி. கையகலமுள்ள ஓர் உலோகக் கூடு. அதன் நடுவே ஒரு தண்டு. தண்டின் உள்முனையில் இதழ்களுடைய சிறு சக்கரம். வெளிமுனையில் பெல்ட் ஓடும் புல்லி. இஞ்சின் சுழல, பெல்ட் அத்தண்டைச் சுழற்றும்; இதழ்ச் சக்கரம் நடுவில் வரும் நீரை ஓரத்துக்கு வீசி எறிந்து முன்னே தள்ளும். தோட்டங்களில் நீரிறைக்கும் மோட்டார் பம்பும் இதே முறையில்தான் இயங்குகிறது. தண்டைத் தாங்குவது பேரிங்; நீர் அந்தப் பேரிங்கை எட்டாதபடி இடையில் நின்று காப்பது சீல்.

சீல் தேயத் தொடங்கினால் நீர் பேரிங்குக்குள் புகுந்து அதையும் கெடுத்துவிடும். இதற்கெனவே பம்பைச் செய்வோர் கூட்டின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளையை விட்டு வைக்கிறார்கள். சீலைக் கடந்த நீர் அத்துளை வழியே வெளியே சொட்டிவிடும். சொட்டும் துளையை அடைத்துவிட்டால் போதும் என்று பசை வைத்து மூடுவோரும் உண்டு. அது பிழை. அத்துளை முன்னறிவிப்புக்காகவே வைக்கப்பட்டது. நம் துணைவியார் தரையில் கண்ட ஈரம் அத்துளையின் வழியே வந்ததுதான். ஒரு மாதத்துக்கும் மேலாக அது சொல்லிக்கொண்டே இருந்தது. நாமோ செம்புத் தண்ணீரால் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம்.

வண்டியைக் கட்டி இழுத்துத் தம் கொட்டகைக்குக் கொண்டுபோனபின் மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சோதித்தார். நாம் அருகிலிருந்து கற்றவற்றையும் பின்னர்க் கேட்டறிந்தவற்றையும் வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, ஈரத்தை இனங்காணுதல். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். அதற்கு நிறமோ மணமோ இல்லை. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ நிறமுடையது, விரலில் வழுவழுக்கும், சற்று இனித்த மணம் வீசும். காய்ந்தபின் வெண்மையான அல்லது நிறமுள்ள பொருக்காகப் படியும். பம்பின் அடித்துளையைச் சுற்றி அப்பொருக்கு இருந்தால் ஐயமில்லை. நம் வண்டியில் அது விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது.

இரண்டாவது, தண்டின் ஆட்டம். இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பம்பில் அசைவே இராது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுழற்றினால் வழுக்கென்று சுழல வேண்டும். நறநறவென்றால் பேரிங் போய்விட்டது. இன்றைய வண்டிகளில் மின்விசிறி இஞ்சின் நின்றபின்னும் தானாகவே சுழலத் தொடங்கலாம். ஆதலின் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே கையை உள்ளே நீட்ட வேண்டும்.

மூன்றாவது, குழாய்களின் சூடு. சூடேறிய வண்டியில் ரேடியேட்டரின் மேற்குழாய் குளிர்ந்தே இருப்பின், பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனக் கருதலாம். மேற்குழாய் கொதித்தும் கீழ்க்குழாய் குளிர்ந்தே கிடந்தால், ரேடியேட்டரில் அடைப்போ பம்பில் பழுதோ உண்டு. சில பம்புகளில் ஒரு சொட்டும் ஒழுகாது; ஆயினும் உள்ளேயுள்ள இதழ்கள் அரித்துத் தேய்ந்தோ, தண்டிலிருந்து நழுவியோ நீரைத் தள்ளாமல் வெறுமனே சுழலும். கசிவு இல்லை என்பதாலேயே பம்பு நல்லது என்று முடிவு செய்யலாகாது.

நான்காவது, அழுத்தச் சோதனை. ஆறிய ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. எங்கே சொட்டுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஐந்தாவது, பெருங்கேடு நேர்ந்துள்ளதா என்னும் ஆய்வு. ஆயில் பால்தேநீர் போல் வெளுத்திருந்தாலும், புகைக்குழாயில் ஓயாது வெண்புகை வந்தாலும், ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் எழுந்தாலும், சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கட் போயிற்று என்று அஞ்ச வேண்டும். ஊசி ஏறியவுடன் நிறுத்தியதால் நாம் அதிலிருந்து தப்பினோம். இன்னும் இரண்டு மைல் தூரம்தானே என்று ஓட்டியிருந்தால், அலுமினிய ஹெட் வளைந்து, பம்பின் விலையைப் போல் பல மடங்கு செலவு வந்திருக்கும். ஊசியை மட்டும் நம்புவதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. வெப்பத்தை அளக்கும் கருவி நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி கீழிறங்கி நம்மை அமைதிப்படுத்தக்கூடும்.

காரணம் உறுதியான பின்னரே புதிய பம்பு வாங்கப்பட்டது. பாகம் பாகமாக மாற்றிப் பார்த்து, எது நின்றால் நோய் நிற்கிறது எனத் தேடும் வழக்கம் நம் பணத்தைக் கரைப்பது. அதை அந்த மெக்கானிக் செய்யவில்லை.

மாற்றும் வேலை பொறுமையை வேண்டுவது. இஞ்சின் நன்கு ஆறிய பின் பழைய கூலன்டை ஒரு பாத்திரத்தில் வடித்தார். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே புல்லியின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தினார். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் புல்லி கூடவே சுழன்று தொல்லை தரும். பம்பின் போல்ட்டுகள் ஒரே நீளமானவை அல்ல. ஓர் அட்டையில் பம்பின் வடிவை வரைந்து, எடுத்த ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தார். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாதபடி பார்த்துக்கொண்டார்; அங்கே விழும் சிறு கீறலும் நாளைய கசிவு. புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து உயரம், துளைகள், இதழ்களின் திசை ஆகியவற்றை ஒப்பிட்டார். புதிய கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினார். ஒரே பக்கத்தை முதலில் முற்றாக இறுக்கினால் பம்பு சாய்ந்து அமரும்.

நம் வண்டியில் பம்பை ஓட்டுவது வெளிப்புற பெல்ட். சில வண்டிகளில் உள்ளேயிருக்கும் டைமிங் பெல்ட்டே பம்பையும் ஓட்டுகிறது. அவ்வகையில் பம்பு இறுகிப்போனால் பெல்ட்டும் அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. எனவே டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. 1950-களின் இறுதி முதல் 2014 வரை நம் சாலைகளில் புதிதாக இறங்கிக்கொண்டிருந்த அம்பாசடர் கார்களை மூத்தோர் நினைவுகூர்வர். அதன் பழைய இஞ்சினில் விசிறியே பம்பின் தண்டில்தான் பொருத்தப்பட்டிருந்தது. பேரிங் தேய்ந்தால் விசிறியும் சேர்ந்து ஆடும். தெருமுனையிலேயே ஓசை கேட்கும். இன்று விசிறி தனியே மின்சாரத்தில் ஓடுவதால், பம்பின் முனகலைச் செவி கொடுத்துக் கேட்டாலன்றி அறிய இயலாது.

பின்னர் நீர் நிரப்பும் வேளை வந்தது. தொட்டியில் கிடந்த துருநிற நீரைக் காட்டி, "இதுல என்ன ஊத்துனீங்க?" என்றார் மெக்கானிக். கிணற்றுத் தண்ணீர் என்றோம். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் உள்ளே பொருக்காகப் படியும், உலோகத்தை அரிக்கும், சீலையும் தேய்க்கும். கடலோர ஊர்களின் கிணற்று நீருக்கு இது மிகவும் பொருந்தும். வழியில் ஆபத்துக்கு எந்த நல்ல தண்ணீரையும் ஊற்றலாம். ஆனால் வீடு திரும்பியவுடன் அதை வடித்துவிட்டு, வண்டிக்கு உரிய கூலன்டைச் சரிபாதி வாலைநீருடன் கலந்து நிரப்ப வேண்டும். மூடியைத் திறந்து வைத்தபடி குளிர்ந்த இஞ்சினை ஓட்டி, காற்றுக் குமிழிகள் அடங்கும் வரை காத்திருந்து, பிறகே மூடினார். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பார்க்கச் சொன்னார்.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் உண்டு. அது இனிப்பானது, கொடிய நஞ்சு. குழந்தையோ நாயோ ஆடுமாடோ நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டா. வாய்க்காலிலோ தென்னை மூட்டிலோ கொட்ட வேண்டா. குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பதை அறவே தவிருங்கள்.

வேலை முடிந்து காத்திருந்தபோது கடற்கரையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. வள்ளத்தில் பொருத்தும் வெளிப்பொறி இஞ்சினுக்கும் தண்ணீர்ப் பம்பு உண்டு. அதிலுள்ள இதழ்ச் சக்கரம் ரப்பரால் ஆனது. கடல்நீரையே உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விக்கிறது. அந்நீரில் ஒரு சிறு பங்கு பக்கத்திலுள்ள துளை வழியே நூல்போல் வெளியே பீய்ச்சும். கரையோர மணலை உறிஞ்சிவிட்டால் ரப்பர் தேயும், பீய்ச்சல் மெலியும். ஆகவே இஞ்சினை முடுக்கியதும் மீனவர் முதலில் திரும்பிப் பார்ப்பது அந்த நீர்த்தாரையைத்தான். அது இல்லையேல் கடலேறார். நடுக்கடலில் இஞ்சின் நின்றால் உதவிக்கு ஓடிவர லாரி ஓட்டுநர் இல்லை என்பதை அவர் அறிவார். சாலையில் செல்லும் நமக்கோ, யாராவது வருவார்கள் என்னும் துணிச்சல்.

பழைய பம்பை மெக்கானிக் நம் கையில் கொடுத்தார். தண்டைத் தொட்டதும் ஆடியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துணைவியாரிடம் காட்டி, "நீ சொன்ன ஈரம் இதிலிருந்துதான்" என்றோம். அவர் கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல, அது போதும்" என்றார். கடிந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

வாசகர்களே, இல்லத்தில் முதலில் ஈரத்தைக் காண்பவர் பெரும்பாலும் அவ்விடத்தைப் பெருக்குகிறவரே. மகனின் முகவாட்டத்தையும், மாமியாரின் மூச்சிரைப்பையும், கடன் வாங்கும் பழக்கம் மெல்லத் தொடங்குவதையும் முதலில் காண்பவர் அவரே. அவர் சொல்லும்போது, "அது ஏசி தண்ணீர்" என்று ஒரு சொல்லில் நாம் தள்ளிவிடுகிறோம். பிறகு மனம் உறுத்தினால் ஒரு செம்பு ஊற்றுகிறோம்: ஓர் இனிய சொல், ஒரு புதுச் சேலை, ஒருநாள் உல்லாசப் பயணம். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சிலர் ஆண்டுதோறும் அதே குறையைச் சொல்லி அழுது, அதன் காரணத்தை மட்டும் தொடாமல் திரும்புவதுண்டு. மட்டம் நிரம்பிவிடுகிறது, கசிவோ நிற்பதில்லை.

இப்போது நம் வீட்டில் இரவுதோறும் வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைக்கிறோம். எங்கே சொட்டினாலும் அதில் தெரியும். காலையில் அதை எடுத்துப் பார்ப்பது நம் வேலை. வாசலைப் பெருக்குவதும் வாரத்தில் மூன்று நாள் நம் வேலையாயிற்று. சென்ற மாதம் வடக்கன்குளம் போய்வந்தோம். முப்பந்தலைக் கடந்தபோது தாயார் செபமாலையைச் சற்றே நிறுத்திவிட்டு ஊசியைப் பார்த்தார். அது தன் இடத்திலேயே நின்றிருந்தது.